என் முதுகின் முன்பக்கம்

ஜூலை 6, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே மொட்டை மாடியில் அப்பளம் பொரிக்கலாம் போல வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. இன்றைய வேலைகள்: கேன் தண்ணீர், பல் டாக்டர் (தள்ளிப்போடலாம்), அக்கா மகனைப் பழிவாங்குதல்.

மூன்றாவதை முதலில்.

காரணத்தை எழுதி வைப்பது நல்லது. நாளைக்கே கோபம் ஆறிவிட்டால் இந்தப் பக்கத்தைப் படித்துச் சூடேற்றிக்கொள்ளலாம்.

அக்கா வசந்தாவின் ஒரே மகன் நவீன் ஒரு படம் எடுத்திருக்கிறான். பெயர் ‘முதுகு’. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, வெளிச்சமும் பாதிதான். வெளிநாட்டு விழாக்களில் எல்லாம் ஓட்டிவிட்டு நேற்று ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன அரங்கில் வேண்டப்பட்டவர்களுக்குப் போட்டுக் காட்டினான். வேண்டப்பட்டவன் என்று என்னையும் கூப்பிட்டான், படுபாவி.

கதை இதுதான். ஒருத்தியின் கணவன் செத்துப்போகிறான். அவளுக்குப் பத்து வயதில் ஒரு பையன். அவள் தம்பி துக்கத்துக்கு வருகிறான், மூலையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்கிறான், சாயங்காலம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போகிறான். பிறகு வரவே இல்லை. அவள் மிச்சப் படம் முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தம்பிக்கு முகமே கிடையாது, படம் பூராவும் முதுகுதான். கடைசி ஆறு நிமிஷம் அந்த முதுகு தெருவில் நடக்கிறது. நடக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோதும் நடந்துகொண்டிருந்தது.

விளக்குப் போட்டதும் ஒரு தாடி எழுந்து, “அந்த மாமா நிஜமா?” என்று கேட்டது. நவீன் மைக்கைப் பிடித்தான்.

“நிஜம்தான். எங்கப்பா போன அன்னிக்கு என் மாமா ஒரு வார்த்தைகூட சொல்லாம கிளம்பிட்டாரு. அந்த முதுகு இன்னும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு.”

மேற்படி முதுகு மூன்றாவது வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அரங்கமே திரும்பி என் முன்பக்கத்தைப் பார்த்தது.

துக்க வீட்டில் எவனாவது சொல்லிக்கொண்டு கிளம்புவானா? ‘போயிட்டு வரேன்’ என்றால் மறுபடியும் இதே மாதிரி ஒரு காரியத்துக்கு வருவேன் என்றல்லவா ஆகும்? பேசாமல் எழுந்து, பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். மாடவீதியில் திரியும் மாடுகளுக்குக்கூடத் தெரிந்த முறை. இந்த உலகப்பட இயக்குநருக்குத் தெரியவில்லை. என் ஒழுக்கத்தைத் துரோகம் என்று நினைத்து, அதற்கு வெளிநாட்டு எழுத்தில் தலைப்பும் போட்டு, கண்டம் கண்டமாகக் காட்டிவிட்டான். நான் அரக்கோணம் தாண்டியதில்லை. என் முதுகு ஐரோப்பாவையே சுற்றிவிட்டது.

பஜ்ஜி பச்சைப் பொய். துக்க வீட்டில் அடுப்பே மூட்டமாட்டார்கள், பஜ்ஜி எங்கிருந்து வரும்? அன்று எதிர்வீட்டிலிருந்து வந்தது உப்புமா. அதைத் தின்றதும் நானில்லை. மூன்று தட்டு. நவீன்.

பதினாறாம் நாள் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு போனேன். அப்புறம் தீபாவளி, பொங்கல், பையன் பரீட்சை, எதற்குப் போகவில்லை? அதெல்லாம் எடிட்டிங்கில் போய்விட்டதாம்.

இவ்வளவும் பரவாயில்லை. அக்கா எனக்கு மறுபக்கத்து சீட்டில்தான் இருந்தாள். அவன் மைக்கில் அப்படிச் சொன்னபோது ‘அது முறைடா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. படத்தை அவளும் நம்புகிறாளா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

வெளியே வரும்போது படிக்கட்டில் இரண்டு பெண்கள்.

“அந்த மாமா கேரக்டர் செத்தாக்கூட என் மனசு ஆறாதுடி.”

“உயிரோடதான் இருக்காராம். உள்ள வடை சாப்பிட்டுட்டு இருந்தாரே, அவருதான்.”

ஜூலை 7, திங்கள்

மேகமூட்டம். பல் வலி, இடது பக்கம்.

வழி கண்டுபிடித்தாயிற்று. நாடகம். அவன் படத்தையே மேடையில் போடப் போகிறேன். துப்பாக்கி அவனுடையது, தோட்டா அவனுடையது, சுடுவது மட்டும் நான்.

போடுவது எங்கள் தெப்பக்குள நாடக மன்றம். தலைவர் நான், இயக்குநர் நான், கதாநாயகன் எப்போதும் நான். நடிகர்களின் வயதைக் கூட்டிப் பார்த்தால் உலகத்திலேயே மிகப் பழைய நாடகக் குழு.

ந.வுக்குப் போன் போட்டேன் (இனி ந. போதும், முழுப் பெயருக்கு மை வீண்).

“டேய், உன் படத்தை மேடையேத்தலாம்னு இருக்கேன்.”

மௌனம். போனில்கூட ஆறு நிமிஷ ஷாட்.

“மாமா, உங்களுக்குக் கோபம் இல்லையா?”

“கோபமா? எனக்கா? என் முதுகுக்கு இவ்வளவு பெரிய வேஷம் எவன் கொடுப்பான்?”

“இல்ல மாமா, அது கேமராவுக்காக யோசிச்ச கதை. ஸ்டேஜ்ல...”

“வசனத்துல ஒரு எழுத்து மாத்த மாட்டேன். மௌனத்துல ஒரு நொடி குறைக்க மாட்டேன். போதுமா?”

“அந்தக் கடைசி நடை?”

“ஆறு நிமிஷம். முழுசா.”

நெகிழ்ந்துவிட்டான். “மாமா, நீங்க இவ்வளவு பெரிய மனசுக்காரர்னு...” என்று தழுதழுத்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், இரண்டு காரணங்களுக்காகவும்.

ஜூலை 9, புதன்

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. காபிப் பொடி தீர்ந்தது.

சூட்சுமத்தை எழுதி வைக்கிறேன். ந.வின் கேமரா வீட்டுக்குள்ளே நின்று என் முதுகைப் பார்த்தது. நான் ஜனங்கள் உட்காரும் பக்கத்தைத் தெருவாக்கப் போகிறேன். மேடைக்குப் பின்னால் வாசல்கதவு. கூடத்துக் காட்சிகளில் எல்லாருக்கும் முதுகு, எனக்கு மட்டும் முகம். கடைசியில் வாசல்படி இறங்கி நேரே ஜனங்களைப் பார்த்து நடந்து வருவேன். அதே நடை, அதே மௌனம், ஆறு நிமிஷம் முழுக்க என் முகம். கண்ணில் துக்கம், உதட்டில் முறை. அவன் படத்தில் ஒரு மயிரிழைகூட மாற்றவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான்.

சேர்ப்பது ஒன்றே ஒன்று. பஜ்ஜி போய் உப்புமா வருகிறது. தின்பது பையன்.

நடிகர் தேர்வு. அக்கா வேஷம்: பங்கஜம் டீச்சர், ரிட்டயர் ஆனவர், அழுதால் முதல் வரிசை நனையும். பத்து வயது ந.: நம் ஜகந்நாதன் (இவரும் இனி ஜ.). வயது அறுபத்திரண்டு, இடுப்பு அதற்குக் கொஞ்சம் குறைவு, தொப்பை தனி. மன்றத்தில் சின்னவர் அவர்தான், நான் என்ன செய்ய?

பாண்டி பஜாரில் அரை டிராயருக்கு அளவு கொடுக்கப் போனோம். டெய்லர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார்.

“பையன் வரலையா சார்?”

“இவர்தான் பையன்.”

டெய்லர் டேப்பை இரண்டாவது தடவை சுற்றினார். வாயைத் திறக்கவில்லை. ந.வுக்கு ஏற்ற நடிகர் அவர்.

ஜூலை 13, ஞாயிறு

புழுக்கம். ஒத்திகை, ஜ. வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், மந்தைவெளி. இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில் துக்க வீடு.

லைட் தாஸ் வந்திருந்தான். ஊரூர் குப்பத்துக்காரன், இருபது வருஷமாக எங்கள் வெளிச்சம். கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“இன்னா சார், டயலாக்கே காணோம். லைட்ட எப்போ அமுக்கறது?”

“நான் கலங்கும்போது.”

“நீ எப்போ கலங்குவ?”

“ஆறு நிமிஷத்துல எப்ப வேணா.”

“அப்போ நானும் எப்போ வேணா அமுக்கறேன். ஆமா, துக்க வூட்ல சொல்லிக்கினு போவக்கூடாதுன்னு அந்தப் புள்ளைக்குத் தெர்யாதா? எங்க குப்பத்துல நண்டுக்குக்கூடத் தெர்யும் சார்.”

அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை.

பங்கஜம் டீச்சர்தான் தொந்தரவு. வாசல்கதவைப் பிடித்துக்கொண்டு (இப்போதைக்கு ஒரு ஏணி) நின்றவர் திடீரென்று கேட்டார்.

“ஏங்க, நீங்க படியிறங்கிப் போறப்ப உங்கக்கா என்ன நினைச்சிட்டு நின்னிருப்பாங்க?”

“ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டாங்க. துக்கம்.”

“நான் நடிக்கணுமே. சும்மா ஒண்ணும் நினைக்காம எப்படி நிக்கறது?”

“தம்பி முறைப்படி கிளம்பறான்னு நினைங்க.”

“முறைப்படி கிளம்பறவனை எதுக்கு வாசல் வரைக்கும் வந்து பாக்கணும்?”

முப்பது வருஷம் கணக்கு நடத்திய பெண்மணி. விடை வராமல் விடமாட்டார். நாளை யோசிக்கலாம் என்றேன். உப்புமா ஒத்திகையில் ஜ. மூன்று தட்டும் நிஜமாகவே தின்றார். “கேரக்டருக்குள்ள போயிட்டேன்” என்றார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தி. நகர் பக்கம் போகவே கூடாது என்று தெரிந்தும் போனேன், காட்சித் திரைக்குத் துணி வாங்க. ரங்கநாதன் தெருவில் காலைத் தரையில் வைக்கவில்லை, கூட்டமே தூக்கிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது. துணி வாங்கவில்லை. எப்படியோ கையில் ஒரு டஜன் கைக்குட்டை.

அங்கிருந்து பெசன்ட் நகர், அக்காவை நாடகத்துக்கு அழைக்க. ந.வும் அவளும் அங்கேதான், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இரண்டாம் மாடி. ந. வீட்டில் இல்லை.

“வாங்க” என்றாள்.

இதை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஊரில் எந்த அக்காவாவது தம்பியை ‘வாங்க’ என்பாளா? என் அக்கா சொல்வாள். அத்தான் போனதிலிருந்து எனக்கு இந்த ராஜ மரியாதை. வீட்டில் மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குப் பூப்போட்ட கப்பும் சாஸரும், தட்டில் அடுக்கி பிஸ்கட். பிறந்த வீட்டின் ஒரே ஆண் என்கிற கௌரவம். இப்படிப்பட்டவள் படத்தை நம்பியிருக்க முடியுமா?

“அந்தக் கடைசி நடையை எப்படிப் பண்ணப் போறீங்க?” என்றாள்.

“அப்படியேதான்க்கா. நேரா நடந்து வருவேன்.”

“ஒண்ணும் பேசாமயா?”

“ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“ஒரு வார்த்தைகூட.”

“ஒரு வார்த்தைகூட.”

ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கீழே மீன்காரி யாரிடமோ சண்டை.

“சரி. பிஸ்கட் எடுத்துக்கங்க.”

வருவதாகச் சொன்னாள். இரண்டாவது வரிசை, ஓரத்து சீட்டு.

ஜூலை 24, வியாழன்

சாயங்காலம் நல்ல மழை. லஸ் முனையில் மெட்ரோ பள்ளம் குளமாகி, ஒரு ஆட்டோ தெப்பமாக வந்தது.

செய்தி 1. ந. தன் சினிமாக் கூட்டத்தோடு வருகிறானாம், விமரிசனம் எழுதுகிறவர்கள் உட்பட. குற்றவாளி சாட்சிகளைத் தானே கூட்டி வருகிறான். முதல் வரிசையை ஒதுக்கிவிட்டேன்.

செய்தி 2. நாடகம் நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை, அரங்குக்குப் பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். குழாய் ஸ்பீக்கர் ஒன்று நேரே அரங்கின் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருக்கிறது. தாஸைப் பேசச் சொன்னேன்.

“சார், ஆத்தாவாண்ட போயி மௌனமா இருன்னு எவன் சொல்லுவான்?”

“கமிட்டியில பேசு.”

“பேசிக்கினேன். ராத்திரி ஏழு மணிக்கு மேல குழாயை அந்தாண்ட திருப்பி வுடறாங்களாம். ஆனா ஒரு கண்டிசன். அவங்களுக்கும் டிக்கெட்டு.”

ஆக, ந.வின் அவமானத்துக்குக் கோயில் கமிட்டியும் சாட்சி. சந்தோஷத்தில் பல் வலியே தெரியவில்லை.

டீச்சரின் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. ‘நீங்களே ஏதாவது நினைச்சுக்குங்க’ என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

நேற்று நாடகம். இப்போது காலை, வெயில் இதமாக. மோர் மட்டும் இறங்குகிறது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கூட்டம் நிறைய. மயிலாப்பூர் முழுக்க அங்கேதான். விசிறி, மாத்திரை டப்பா, பின்வரிசையில் இருமல் கச்சேரி. முன்வரிசையில் ந.வும் ஏழெட்டுத் தாடிகளும், ஆளுக்கொரு ஜோல்னாப் பை. அக்கா தன் ஓரத்து சீட்டில்.

அரை டிராயரில் ஜ. வந்தாரோ இல்லையோ, கூரை பறந்து போய்க் கடலில் விழுந்தது. உப்புமா மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டியபோது ஒரு மாமிக்குப் புரையேறித் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரே குறை, ந.வும் சிரித்தான். விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்துத் தாடியிடம் “அது நான்தான்” என்று பெருமையாகச் சொன்னான். பழிவாங்கப்படுகிறவன் செய்கிற காரியமா இது?

பிறகு நடை.

வாசல்படி இறங்கினேன். முதல் நிமிஷம் இருமல். இரண்டாவது நிமிஷம் ஒரு போன் அடித்து நின்றது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மேடை மொத்தமே பதினெட்டு அடி, ஆறு நிமிஷத்துக்குப் போதாது, அதனால் படியிறங்கி நடு வழியாகவே நடந்தேன். நத்தை என்னை முந்தியிருக்கும். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு தயார் செய்துகொண்டு வந்த முகம். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். வெளியே போய்ச் செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றேன். தாஸ் விளக்கை அமுக்கினான்.

கைதட்டல் இல்லை.

சரி, தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். கதவு திறந்தது. ஜனங்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக, சத்தமில்லாமல். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவர் ‘பிரமாதம்’ என்று சொல்லவில்லை. ஒருவர் ‘நாசம்’ என்றும் சொல்லவில்லை. எப்போதும் நாடகம் முடிந்ததும் அரைமணி என் தப்பையெல்லாம் எடுத்துச் சொல்லும் மருந்துக்கடைக்காரர்கூட, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். கோயில் கமிட்டி போயிற்று. கமிட்டித் தலைவருக்குப் பேச்சுப் போய்விட்டதோ என்று பயந்தேன்.

ஒரு சின்னப் பெண் என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள். அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

“சொல்லிக்காதடி. பேசாம வா.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள். இருநூறு பேர், எவரும் எவருக்கும் சொல்லாமல், முறை தவறாமல்.

ந. ஓடி வந்தான், முகமெல்லாம் வெளிறி.

“மாமா, என்னாச்சு? ஏன் யாருமே ஒண்ணும் சொல்லாம போறாங்க? பிடிக்கலையா?”

இந்த நிமிஷத்துக்காகத்தான் பிறந்தேன் என்று தோன்றியது. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக இறக்கினேன்.

“துக்க வீட்லேர்ந்து சொல்லிக்காமதான்டா போவாங்க.”

தெருவைப் பார்த்தான். போய்க்கொண்டிருந்த முதுகுகளை எல்லாம் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“அப்ப நீங்க அன்னிக்கு...”

“ஆமா.”

அவ்வளவுதான். சரித்திரத்தில் இவ்வளவு சுத்தமாக எவனும் பழிவாங்கியதில்லை. படை இல்லை, ரத்தம் இல்லை. அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

அக்கா கடைசியாக வந்தாள். ந. அவளிடம் போனான்.

“அம்மா, சொல்லாம போறது முறையாமே. உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏம்மா? மாமா ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டான் பாருடான்னு, நீதானே சொல்லிச் சொல்லி...”

“சொல்லாமதானே போனான்.”

என் பக்கம் திரும்பினாள். அவள் பேசியதை மறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். மறக்கும் என்று தோன்றவில்லை.

“முறை யாருக்குடா? துக்கம் கேக்க வந்தவங்களுக்கு. நீ துக்கம் கேக்கவா வந்தே? அது உன் வீடு இல்லையா? எல்லாரும் போனாங்க, சரி. நீயும் அவங்களோட சேர்ந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு இறங்கினே. தெருமுனை வரைக்கும் பாத்தேன், திரும்பி வருவேன்னு. அன்னிக்கு ராத்திரி நானும் இந்தப் பிள்ளையும் தனியா படுத்திருந்தோம். பதினாறாம் நாள் புடவையோட வந்து நாற்காலியில உக்காந்தே. விருந்தாளின்னா விருந்தாளி மாதிரியே பாத்துக்கலாம்னு கப்பும் சாஸரும் எடுத்தேன். இத்தனை வருஷமா நீயும் குடிச்சுக்கிட்டே இருக்கே.”

ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டாள். ந. பின்னாலேயே.

தாஸ் ஒயரைச் சுற்றிக்கொண்டே வந்தான். “சார், அக்கா டயலாக்கு நல்லா கீது. அத்த ஏன் நாடகத்துல வெக்கல?”

ஜூலை 29, செவ்வாய்

வெயில். பல் டாக்டர். பிடுங்கிவிட்டார். அதுவே பரவாயில்லை.

அக்காவுக்குப் பதில் தயாரிப்பு:

1. முறை என்றால் எல்லாருக்கும் முறை. தம்பிக்குத் தனிச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது?

2. அன்று பெண்கள் கூட்டம், வீடு சின்னது, ஆண்பிள்ளை எங்கே படுப்பது?

3. ‘இருடா’ என்று அவளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மூன்றாவதுதான் பிரமாஸ்திரம் என்று காலையில் தோன்றியது. மத்தியானம் அடித்துவிட்டேன். வாசல் வரைக்கும் வந்து நின்றவள் அதற்கு மேல் என்ன சொல்வாள்?

இப்போது பழிவாங்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வருஷக்கணக்காக பிஸ்கட்டாலேயே அடித்திருக்கிறாள், எனக்கு உறைக்கவே இல்லை. கைதேர்ந்தவள். இவளிடம் பாடம் படித்துத்தான் பையன் படம் எடுத்திருக்கிறான்.

ஜூலை 30, புதன்

அடையாறில் ஒரு சபா நாடகத்தைக் கேட்கிறதாம். ஜ.வுக்குப் பறக்காத குறை. “அந்த நடை வேணும்னு சொல்லிட்டாங்க. அதுதான் பேச்சாம் ஊரெல்லாம்.” உடனே ஒத்திகை, அதே ஸ்கூட்டர்களுக்கு நடுவில்.

கூடத்துக் காட்சி, உப்புமா, எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. நடைக்கு எழுந்தேன். படியில் நின்றேன். பின்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டு டீச்சர். அவர் மூச்சு விடுவது கேட்கிறது.

“போங்க” என்றார் மெதுவாக.

“போறேன், இருங்க.”

“இன்னா சார், கெளம்பு” என்றான் தாஸ். “லைட்டு சூடாவுது.”

கால் வரவில்லை. ஆறு நிமிஷமும் அப்படியே நின்றேன். ஜ. முடிந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்டினார். அடையாறு சபாவுக்கு ‘இந்த மாதம் முடியாது’ என்று சொல்லச் சொல்லிவிட்டேன்.

டீச்சர் வாசல் வரைக்கும் வந்தார். “இப்பதான் எனக்கு என்ன நினைக்கணும்னு தெரிஞ்சுது” என்றார். என்னவென்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மழை தூறல். பையில்: வேட்டி நாலு, துண்டு, பல் பசை, ஆடிக் கைக்குட்டை ஒரு டஜன், இந்த நோட்டு.

பெசன்ட் நகர், இரண்டாம் மாடி. அக்கா கதவைத் திறந்தாள். பையைப் பார்த்தாள்.

“எதுக்கு இது?”

“தங்கறதுக்கு.”

“எத்தனை நாளைக்கு?”

“அதைச் சொல்ல மாட்டேன்.”

வழியை விட்டு நகரவில்லை, மறிக்கவும் இல்லை. பக்கவாட்டில் நுழைந்துவிட்டேன். கப்பும் சாஸரும் வரவில்லை. காபியே வரவில்லை. நானே போய்ப் போட்டுக்கொண்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம். “தொடைச்சுடு” என்று கூடத்திலிருந்து குரல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கடல்காற்று. இங்கேதான் இருக்கிறேன்.

போர் நிலவரம்: ந.வின் அறை, கட்டில், மின்விசிறி கைப்பற்றப்பட்டன. அவன் கூடத்து சோபாவில் மடிந்து கிடக்கிறான். உலக சினிமா பார்க்கும் பெரிய டிவியில் காலை ஆறு முதல் சுப்ரபாதம், பிறகு ராசிபலன். அவன் ஷாம்பூ தீர்ந்தது. அவன் தாடி நண்பர்கள் இருவர் வந்தார்கள். படத்தில் பஜ்ஜி ஏன் தப்பு என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். இனி வரமாட்டார்கள்.

மத்தியானம் ந. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண்ணில் தூக்கமில்லை.

“மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. எப்ப கிளம்பறதா உத்தேசம்?”

“சொல்ல மாட்டேன்.”

“சொல்லாமலே கிளம்பிடுவீங்களா?”

“டேய். கிளம்பறதா இருந்தாத்தானேடா சொல்றதுக்கு?”

சோபாவில் சாய்ந்து கூரையைப் பார்த்தான். படத்தில் இருந்த மௌனங்களை எல்லாம்விட நீளமானது இது. ரசித்தேன்.

அக்காவை எப்படிப் பழிவாங்குவது என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. சித்ரான்னத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். இப்போது உள்ளேயிருந்து குரல்.

“டேய் தட்சிணா, என்னத்தடா எழுதிக்கிட்டே இருக்கே? வந்து இன்னொரு தேங்காயை உடைச்சுக் குடு.”

அரிவாள் எங்கே என்று கேட்டேன்.

“தேடு” என்கிறாள்.